எனக்கு வாய்க்காத உள்நாட்டுப் போர்

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவன் வெளியே சொல்லிக்கொள்ளும் விஷயமும் இல்லை. எங்கள் அடுக்ககத்தின் இரண்டாவது மாடிக்குக் குடிவந்தவர் ஓர் உள்நாட்டுப் போரைப் பார்த்தவர், நான் பார்க்காதவன். அந்த ஒரே காரணத்துக்காக அவர்மேல் மாதக்கணக்கில் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். அவர் வீடு எரிந்தது, படகில் ஏறித் தப்பி வந்தார், முகாமில் வளர்ந்தார். எனக்கு மட்டும் இப்படி ஒன்றுமே நடக்கவில்லையே என்று உள்ளுக்குள் புழுங்கினேன். கூடப் படித்தவன் கலிபோர்னியாவில் நீச்சல் குளத்தோடு வீடு கட்டிப் படம் அனுப்பியபோதுகூட எனக்கு இவ்வளவு எரிந்ததில்லை.

முழுக்கதையையும் சொன்னால் என்மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் பிறக்கலாம். கட்டாயமில்லை. என் மனைவிக்கே பிறக்கவில்லை.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில், நூம்பலில் எங்கள் அடுக்ககத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் லாரி வரும். வரும் என்றால், வரலாம். அதற்காகக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். பெரும்பாலும் ஐ.டி. வேலைக்காரர்கள், மதுரை, நெல்லை, தருமபுரி என்று எங்கெங்கிருந்தோ வந்து இங்கே மாதத் தவணையில் மாட்டிக்கொண்டவர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. ‘ஞாயிறு வாசிப்பு வட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கி, அவர்களையே உறுப்பினர்களாகவும் ஆக்கிவிட்டேன். எதிர்ப்பு எழவில்லை. லாரி ஹாரன் அடித்தால் கலைந்துவிடப்போகிற சங்கத்தை யார் எதிர்ப்பார்கள்?

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு இலங்கை உள்நாட்டுப் போரின் காரணங்களும் விளைவுகளும். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் எந்தப் போரையும் இப்படித்தான் படித்திருக்கிறோம். முதலில் காரணங்கள், கடைசியில் விளைவுகள், நடுவில் போர் நாலு வரி. இந்தப் போரைப் பற்றி என் அலமாரியில் இரண்டு தட்டு நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்து உத்தியோகங்களில் ஆரம்பித்து, ஆட்சிமொழிச் சட்டம், பல்கலைக்கழக இடங்கள், நிலக் குடியேற்றங்கள், எரிந்த நூலகம் என்று ஒவ்வொரு காரணமாக நகர்ந்துகொண்டிருந்தேன். பல ஞாயிறுகள் கடந்தும் காரணங்கள் தீரவில்லை. விளைவுகளுக்கு வருவதற்குள் எங்கள் பகுதிக்கு மெட்ரோ குடிநீர் வந்துவிடும் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

அந்த நாட்களில்தான் இரண்டாவது மாடியில் அவர் குடிவந்தார். மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், அவர். செந்நீர்குப்பத்தில் ஒரு கிடங்கில் பில் போடும் வேலை. வந்த அன்றே லிப்டில் என்னிடம் தன் கதையைச் சொன்னார். போரைப் பற்றி அல்ல, வீடு தேடியதைப் பற்றி. பூந்தமல்லி, வேலப்பன்சாவடி, திருவேற்காடு என்று அலைந்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் பேச்சு நன்றாகத்தான் போகும். ‘சொந்த ஊர் எது?’ என்ற கேள்வி வந்ததும் வீட்டுக்காரரின் தம்பிக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமாகி, வீடு அவனுக்கே தேவைப்பட்டுவிடும். 

“கடைசியா இந்த ஓனர்தான் தந்தவர் அண்ணை. ஒரே ஒரு கண்டிசன். தன்ர வீட்டைப் பற்றி வெளியில ஒரு பேச்சும் வரக்கூடாதாம். வந்தா அண்டைக்கே எழும்போணுமாம். மகளுக்குப் பரீட்சை முடியுமட்டுமாவது இஞ்ச இருந்திட்டா எனக்குக் காணும்.”

நான் தலையாட்டினேன். இதை நினைவில் வைத்திருந்தேன் என்று சொல்லத்தான் ஆசை.

அடுத்த ஞாயிறு அவர் கீழே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஆட்சிமொழிச் சட்டத்தில் முழங்கிக்கொண்டிருந்தேன். மதுரைக்காரப் பையன் திரும்பி, “சார், நீங்க சிலோனா?” என்று கேட்டான்.

“ஓம்” என்றார் அவர்.

அவ்வளவுதான். ஏழு நாற்காலிகளும் கிரீச்சென்று அவர் பக்கம் திரும்பின. எனக்கு ஏழு பிடரிகள் தெரிந்தன. அதில் இரண்டு வழுக்கை. 

“சண்டை எப்டி சார் இருந்துச்சு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சத்தமா இருந்தது” என்றார்.

எல்லோரும் ‘ச்சு’ கொட்டினார்கள். நான் இத்தனை வாரம் தொண்டை கட்டப் பேசியிருக்கிறேன், எனக்கு ஒரு ‘ச்சு’ விழுந்ததில்லை. பல்கலைக்கழக இடங்களைப் பற்றி நான் சொன்னபோது ஒருவர் கொட்டாவி விட்டார். அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு சமாதானமாகியிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நடந்ததெல்லாம் ஒரு காதல் தோல்வியின் அறிகுறிகள். அவர் வந்துவிட்டாரா என்று எல்லோரும் மாடிப்படியைப் பார்ப்பார்கள். நான் ஒரு தகவலைச் சொன்னால், ‘சரிதானா சார்?’ என்பதுபோல் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் பாவம், அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்த அசையாமை எனக்கு ஆணவமாகத் தெரிந்தது. என் வீட்டுக்குள்ளேயே கட்சி மாறிவிட்டது. அவர் மனைவி கொடுத்த தேங்காய்ச் சம்பலைத் தொட்டுக்கொண்டு என் மனைவி சொன்னாள்: 

“அந்த அண்ணன் வாயே திறக்கறதில்ல பாத்தீங்களா? மனசுக்குள்ள எவ்வளவு இருக்கும்!”

“நான்கூடப் பேசாமல் இருந்தால் எனக்குள்ளேயும் நிறைய இருப்பதாக நினைப்பாயா?”

“நீங்க பேசாம இருந்தா சுகர் இறங்கிருச்சோன்னு பயந்து சர்க்கரைத் தண்ணி கரைப்பேன்.”

ஒரு ஞாயிறு பரிசோதனையாக மௌனம் காத்துப் பார்த்தேன். தூரத்தை நோக்கி, துயரம் கசியும் முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். தருமபுரிக்காரர் எழுந்து வந்து, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் கைராசிக்காரப் பல் டாக்டர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்.

எல்லாவற்றையும்விட என்னைச் சீண்டியது அவர் ஒருநாள் லிப்டில் கேட்ட கேள்வி.

“அண்ணை, மகள் கேக்கிறாள், ஏன் அப்பா இஞ்ச வந்தனீங்கள் எண்டு. துவக்கு வெடிச் சத்தம் கேட்டது, வெளிக்கிட்டு வந்தம் எண்டு சொன்னன். அதுக்கு முன்னால என்ன நடந்ததெண்டு கேக்கிறாள். நான் அப்ப சின்னப் பெடியன், எனக்கு எங்க தெரியும்? நீங்கள்தான் சொல்லோணும்.”

பொறாமைக்காரனின் காதில் பணிவு ஏறாது. ‘உனக்குத் தெரிந்தது காரணம்தான், எனக்குத் தெரிந்தது போர்’ என்று அவர் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொண்டேன். “வாங்க, ஞாயிற்றுக்கிழமை சொல்றேன்” என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு என் தளம் வருவதற்கு முன்பே இறங்கி, மீதியைப் படியேறிப் போனேன். முட்டி இரண்டு நாள் வலித்தது.

யோசித்து ஒரு தந்திரத்துக்கு வந்தேன். அவரை வெல்ல முடியாது. ஆனால் அவரை அறிமுகப்படுத்துகிறவன் நான் என்று ஆக்கிவிடலாம். அப்புறம் அவருக்கு விழும் ஒவ்வொரு ‘ச்சு’விலும் எனக்குப் பாதிப் பங்கு. எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. காது குத்தினாலும் கட்சி மாறினாலும் வாசலில் ஒரு பிளெக்ஸ் எழும்ப வேண்டும். முகம் பெரிதாக, சால்வை தயாராக. வாசிப்பு வட்டத்தின் சார்பில் அவருக்குப் பாராட்டு விழா, என்னுடைய சிறப்புரை ‘விளைவுகள்’ என்று முடிவு செய்தேன். அவரிடம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எண்ணினேன்.

பிளெக்ஸ் கடைப் பையன் வேகமானவன். குடியிருப்பு வாட்ஸப் குழுவிலிருந்து அவர் படத்தை எடுத்துக் கொடுத்தேன். பின்னால் தீ போட்டான், ஒரு டாங்கி போட்டான், ஓரத்தில் வெள்ளைப் புறா ஒன்று விட்டான். “போர்க்களம் கண்ட மாவீரரே வருக!” என்று தலைப்பும் அவனே கொடுத்தான். ஒன்பது வயதில் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு படகில் வந்தவரை மாவீரர் என்று சொல்லலாமா என்று தயங்கினேன். “சொம்மா இரு சார், எடம் காலியா கீது” என்றான். என் படத்தை அவர் படத்துக்குச் சமமாக வைக்கச் சொன்னேன். பிறகு, சமத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே, சனிக்கிழமை மாலை கேட்டுக்குப் பக்கத்தில் கட்டியாயிற்று. ஞாயிறு காலை, அவர் பால் பாக்கெட் வாங்க இறங்கி வரும் நேரத்துக்காக நாற்காலியில் காத்திருந்தேன். வந்தார். பார்த்தார். ஒரு செருப்பு காலிலும் ஒன்று பாதி காலிலுமாக நின்றார்.

“அண்ணை, இதைக் கழட்டலாமோ?”

“ஏங்க, படம் நல்லா விழலையா?”

“நல்லாத்தான் இருக்கு.” பால் பாக்கெட் வாங்கும் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். “எங்கட அண்ணாவின்ர படமும் ஒருக்கா இப்பிடித்தான் ஒட்டினவங்கள். சந்தையடிச் சுவரில. அம்மா மீன் வாங்கப் போனவ. அதைப் பாத்துத்தான் அவன் செத்தது தெரியும். அவன் இயக்கத்துக்குப் போனதே அவவுக்கு அண்டைக்குத்தான் தெரியும். வேலைக்குக் கொழும்புக்குப் போயிருக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தவ.” காற்றில் பிளெக்ஸ் படபடத்தது. “மீனையும் வாங்கிக்கொண்டுதான் வந்தவ” என்றார்.

அந்தக் கணத்தில் எனக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை எழுதாமல் விட்டால் இவ்வளவு தூரம் எழுதியதற்கு அர்த்தமில்லை. இந்த மீன் என் புத்தகம் எதிலும் இல்லையே என்று தோன்றியது. அதற்குப் பின்னால்தான், வெகுவாகப் பின்தங்கி, மற்ற மனிதர்களுக்கு முதலில் வரும் உணர்ச்சி எனக்கு வந்து சேர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கட்டிய கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். 

முடிச்சு அவிழ்வதற்குள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவருடைய ஹவுஸ் ஓனர்.

இவர் இந்த ஊர்க்காரர். ஆவடியில் டாங்கி செய்யும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கட்டடம் நிற்கும் மண்ணில் ஒரு பங்கு இவருடையதாக இருந்தது. அதை பில்டருக்குக் கொடுத்து, பதிலுக்கு இரண்டு பிளாட் வாங்கிக்கொண்டவர். யாரோ பிளெக்ஸைப் படம் பிடித்து இவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஆரம்பித்தார்.

“இன்னா சார் நடக்குது என் ஊட்டு வாசல்ல? ஊரு பூரா போன் போட்டு கேட்டுகினு கீறான். ஏம்ப்பா, உன்னாண்ட நான் இன்னா சொன்னேன்? பேச்சு வரக்கூடாதுன்னு சொன்னனா இல்லியா? இந்த மாசத்தோட காலி பண்ணிடு நைனா.”

“சரி ஐயா” என்றார் அவர்.

கெஞ்சவில்லை, விளக்கவில்லை, என்னைக் கைகாட்டவில்லை. கேட்டவுடனே ‘சரி’ வந்துவிட்டது. பஸ்ஸில் எழுந்திரு என்று சொன்னால்கூட நாம் நாலு கேள்வி கேட்போம். கிளம்பச் சொல்லிக் கேட்டுப் பழகிய ஒருவரின் ‘சரி’ அது. மாடியைப் பார்த்தார். பால்கனியில் மகள் புத்தகத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்காலிமேல் நின்றபடியே நான் பேசத் தொடங்கினேன். “ஐயா, தப்பு என்னுடையது. இந்தப் போரின் பின்னணியை நீங்கள் புரிந்துகொண்டால் இவருடைய நிலைமை உங்களுக்கு விளங்கும். இதன் வேர் காலனிய காலத்து நிர்வாகத்திலே…”

“யோவ், எறங்கு மொதல்ல. எனக்கே போரப் பத்தி சொல்றியா? என் சர்வீஸ் பூரா டாங்கி பண்ணிகினு இருந்தேன் நான். ஒரு தபாகூட இத்த யாரு மேல வுடுவாங்கன்னு கேட்டதில்ல. கேட்டா சோறு எறங்காது.”

இறங்கினேன். ஆனால் மனிதர் கிளம்பவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டு, பிளெக்ஸை மேலிருந்து கீழாகப் பார்த்தார். 

“இது யாரு?”

“நான்தான்.”

“இம்மாம் பெருசாவா?” நிலத்தைக் காலால் தட்டினார். “இந்த எடத்துல எங்கப்பன் கூலிக்கு நாத்து நட்டான் சார். இவ்ளோ ஒசரம் சேறு. நான் வேலைக்குப் போயி, ஓவர்டைம் பாத்து, அதே மண்ண வாங்குனேன். இங்க இத்தினி பேரு குடியிருக்கிறீங்க. எவனாவது எனக்கு ஒரு போர்டு வெச்சானா? நேத்து வாடகைக்கு வந்தவனுக்கு வெப்பீங்க.”

சக பொறாமைக்காரனை நான்தான் முதலில் அடையாளம் கண்டிருக்க வேண்டும். என் மனைவி முந்திக்கொண்டாள். டீயோடு வந்தவள், தம்ளரை நீட்டிக்கொண்டே, “அண்ணே, உங்க படம்தான் நடுவுல வரணும்னு இவர் தலைப்பாடா சொல்லி அனுப்புனாரு. அந்தக் கடைப் பையன் மாத்திட்டான். அதான் காலங்காத்தால கழட்டிட்டிருக்காரு. தலைமையே நீங்கதானே” என்றாள். 

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பிழைப்பதற்காகத் தலையாட்டுவது எப்படி என்று வரலாற்றில் நிறையப் படித்திருக்கிறேன்.

“மாத்திட்டானா? அறிவு கெட்டவன்” என்றார் ஹவுஸ் ஓனர். டீயை ஊதினார். “சரி, மீட்டிங்கு நடக்கட்டும். வந்து பாத்துட்டு அப்பால சொல்றேன், காலி பண்றதா வேணாமான்னு.” 

புது பிளெக்ஸில் நடுவில் அவர், கறுப்புக் கண்ணாடியோடு. பின்னால் டாங்கி அப்படியே இருந்தது. இப்போது அது பொருத்தமாகவே தெரிந்தது. இரண்டாவது மாடிக்காரரின் படத்தை எடுத்துவிட்டோம். அவர் கேட்டைக் கடக்கும்போதெல்லாம் தன் முகம் இல்லாத பிளெக்ஸைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டார். என் படம் கீழ்வரிசையில் தபால்தலை அளவில் இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் பொறாமைப்பட்டது ஹவுஸ் ஓனரைப் பார்த்து.

ஞாயிறு வந்தது. லாரி வரவில்லை, அதனால் கூட்டம் சேர்ந்தது. தலைவருக்குச் சால்வை போர்த்தினோம். வெயிலிலும் அதை அவர் கழற்றவில்லை. இரண்டாவது மாடிக்காரர் நாற்காலிகளைப் போட்டுவிட்டு மனைவி, மகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மூன்று பேரும் தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருக்கமாக முடிக்கச் சொல்லி மனைவி வீட்டிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். மைக் கைக்கு வந்ததும் சத்தியம் மறந்துபோயிற்று. ஆட்சிமொழிச் சட்டம் வந்தது, குடியேற்றங்கள் வந்தன, ஒப்பந்தங்கள் எழுதப்பட்டுக் கிழிக்கப்பட்டன. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். ஒரு கட்டத்தில் ஸ்கூட்டர் சாவியை வெளியே எடுத்தார். கடைசி வரிசையில் மூன்று முகங்களும் அந்தச் சாவிக்கு நகர்ந்தன. நான் பார்த்தேன்; பார்த்தும் அடுத்த காரணத்துக்குப் போனேன்.

அப்போது மகள் கையைத் தூக்கினாள். “அங்கிள், இவ்ளோவும் நடக்கும்போது சாதாரண ஆளுங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?”

இரண்டு தட்டுப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன்.

“உன்ர அப்பப்பா பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்” என்றார் அவள் அப்பா. 

கூட்டம் சிரித்தது. நாற்காலிகள் கிரீச்சென்று திரும்பின. அவருக்கு என்ன ஆயிற்றோ, மேலே பேசினார். அவர் அப்பாவுக்குச் சைக்கிள் கடையாம். ஆமிக்காரனும் அங்கேதான் காற்றடிப்பான், இயக்கப் பெடியளும் அங்கேதான் காற்றடிப்பார்கள். ஆமிக்காரன் காசு தரமாட்டான். பெடியள் பிறகு தருகிறோம் என்பார்கள். ஒருநாள் இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் வந்துவிட, அப்பா நடுவில் பம்போடு நின்று எந்தச் சக்கரத்துக்கு முதலில் அடிப்பது என்று தெரியாமல், சும்மா நின்ற தன் சைக்கிளுக்கே அடித்து அடித்து டியூப் வெடித்ததாம். அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு தரப்பும் வேலி பாய்ந்து ஓடியதாம். “எங்கட ஊரில முதல் வெடி எங்கட அப்பா வெடிக்க வச்சதுதான்” என்றார். பிறகு, அந்தக் கடை எரிந்ததையும் ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஹவுஸ் ஓனர் சிரித்து, இருமி, சால்வையில் கண்ணைத் துடைத்தார். என் சிறப்புரைக்குச் சாவியை எடுத்தவர், இந்தப் பஞ்சர் கதைக்கு அதைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார். கையில் மைக்கோடு நின்றிருந்த எனக்கு, அந்தச் சாவி உள்ளே போனதில் நிம்மதியும், போகவைத்தது நான் இல்லையே என்ற எரிச்சலும் ஒன்றாகவே வந்தன. எரிச்சல் ஒரு விரற்கடை அதிகம்.

கூட்டம் கலைந்ததும் ஹவுஸ் ஓனர் இரண்டாவது மாடிக்காரரின் தோளில் கை போட்டார். “எங்கியும் போவாத. பாப்பா பரீட்ச எழுதட்டும், காலேஜி போவட்டும். எத்தினி வருசம் வேணா இரு, இன்னா?” 

“ஓம் ஐயா” என்றார் அவர். இந்த முறை அது மெதுவாக வந்தது.

நானும் பக்கத்தில் போய் நின்றேன். விழா என்னுடையது, பிளெக்ஸ் என்னுடையது. ஒரு வார்த்தை எனக்கும் விழும் என்று எதிர்பார்த்தேன். ஹவுஸ் ஓனர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சார், நீங்க இங்க சொந்தமா, வாடகையா?”

“சொந்தம்தான்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“அப்ப ஒண்ணியும் பண்ண முடியாது” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.